எதை விட்டுவைத்தார்கள், எதை மாற்றினார்கள்? ஜப்பானியக் கைத்தொழிலும் இன்றைய வடிவமைப்பும்

வெள்ளைக் காகிதத்தில் உருண்டையாக ஒரு விளக்கு. காப்பிக் கடையில், நண்பர் வீட்டுக் கூடத்தில், ஏதோ ஒரு விளம்பரத்தில் என்று எங்காவது நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு பல்பு, சுற்றிலும் மெல்லிய காகிதம், காகிதத்துக்குள் வரிவரியாக ஓடும் கோடுகள். அமுக்கினால் தட்டையாகிவிடும், இழுத்து விரித்தால் நிலா மாதிரி நிற்கும். இதன் மலிவான நகல்கள் உலகம் முழுக்கக் கிடைக்கின்றன. அந்த நகல்களில் பலவற்றுக்கு முன்மாதிரி 'அகாரி' என்ற விளக்கு. அது பிறந்த கதை தெரிந்தால், பழைய கைத்தொழிலை இன்றைய வடிவமைப்புக்குக் கொண்டுவருவது என்றால் என்ன என்பது பாதி புரிந்துவிடும்.

1951. இசாமு நொகுச்சி என்ற சிற்பி ஹிரோஷிமாவுக்குப் போகும் வழியில் கிஃபு நகரத்தில் இறங்கினார். அப்பா ஜப்பானியக் கவிஞர், அம்மா அமெரிக்கர். கிஃபுவில் நகரா என்றொரு ஆறு ஓடுகிறது. இரவில் படகில் தீ மூட்டி, அந்த வெளிச்சத்தில் நீர்க்காகங்களை விட்டு மீன்பிடிப்பது அந்த ஊர் வழக்கம். ஊருக்கு வந்த சிற்பியிடம் மேயர் ஒரு உதவி கேட்டார். காகித விளக்குத் தொழில் நொடித்துக்கொண்டிருக்கிறது, அதை நிமிர்த்த ஏதாவது செய்ய முடியுமா?

கிஃபு விளக்கைச் செய்யும் முறை அழகானது. வளைந்த மரப்பலகைகளை வட்டமாக நிறுத்திப் பூட்டி ஒரு அச்சு செய்வார்கள். பலகைகளின் விளிம்பில் வரிசையாகக் காடி வெட்டியிருக்கும். நூல்போல் சீவிய மூங்கில் சிம்பை அந்தக் காடிகளில் பதித்துக் கீழிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டே போவார்கள். அதன்மேல் பசை தடவி, 'வாஷி' என்ற கைக்காகிதத்தைத் துண்டு துண்டாக ஒட்டுவார்கள். காய்ந்ததும் அச்சுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேல் வாய்வழியே உருவி எடுத்துவிட்டால், உள்ளே எந்தத் தாங்கலும் இல்லாமல் காகிதக் கூடு மட்டும் நிற்கும். பழைய விளக்குகளில் காகிதத்தின்மேல் பூக்களும் புற்களும் வரைந்திருக்கும். உள்ளே மெழுகுவர்த்தி. மூதாதையரை நினைக்கும் ஓபோன் நாட்களில் வீட்டில் ஏற்றுவார்கள்.

நொகுச்சி என்ன செய்தார்? மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டு பல்பை வைத்தார். பூ வரைவதை நிறுத்தினார். வடிவத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்: முழு உருண்டை, உயரத் தூண், சாய்ந்த பெட்டி, சுரைக்காய் போன்ற ஒன்று என்று நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள். மற்றதை எல்லாம் அப்படியே விட்டுவிட்டார். அதே வாஷி, அதே மூங்கில், அதே மர அச்சு முறை, அதே பசை. அச்சின் வடிவம் புதிது; அதன்மேல் ஓடிய கை பழையது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அதுதான். மூங்கில் சுற்றத் தெரிந்தவருக்கு அவர் புதுத் தொழில் கற்றுத்தரப் போகவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்து இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

வாஷியை விட்டுவைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது கோஸோ என்ற செடியின் பட்டையிலிருந்து எடுக்கும் நார். கோஸோ மல்பெரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் எழுதும் காகிதத்தில் இருக்கும் மரக்கூழ் நாரைவிட இது பல மடங்கு நீளம். நீள நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் காகிதம் மெல்லியதாக இருந்தாலும் சட்டென்று கிழியாது. அந்தப் பின்னலில் மோதி ஒளி சிதறுகிறது; பல்பின் கூர்மை மழுங்கி, கூடு முழுவதும் ஒரே சீராக ஒளிர்கிறது. மெழுகுவர்த்திக்காகத் தேர்ந்தெடுத்த காகிதம், கண்ணைக் கூசும் மின்விளக்குக்கு இன்னும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

சரி, இதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். எந்தக் கைத்தொழிலிலும் சில அடுக்குகள் இருக்கின்றன. பொருள் ஒன்று, அந்தப் பொருளைக் கையாளும் கை, கை பிடித்திருக்கும் கருவி, செய்து முடித்த பண்டம் எதற்குப் பயன்படுகிறது என்பது, கடைசியாக, மேலே தெரியும் அலங்காரம். பழையதை இன்றைக்குக் கொண்டுவரும்போது இவற்றில் எதை விட்டுவைத்தார்கள், எதை மாற்றினார்கள்? இந்த ஒரு கேள்வி கையில் இருந்தால் போதும், நல்ல வேலையையும் ஒப்புக்குச் செய்ததையும் பெரும்பாலும் பிரித்துப் பார்த்துவிடலாம். ஒப்புக்குச் செய்ததில் எப்போதும் அலங்காரம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அலைபேசி உறையில் அச்சடித்த செர்ரிப் பூவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் பொருளும் இல்லை, கையும் இல்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 1974-இல் மரபுக் கைத்தொழில்களை ஊக்குவிக்க ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் ஒரு பண்டத்துக்கு அங்கீகாரம் வேண்டுமென்றால் முக்கிய வேலை கையால் நடக்க வேண்டும், முறையும் மூலப்பொருளும் மரபுவழி வந்தவையாக இருக்க வேண்டும். கூடவே இன்னொரு நிபந்தனை: அது பெரும்பாலும் அன்றாட வாழ்க்கையில் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும். அதாவது அங்கே கைவினை என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் சமாச்சாரம் இல்லை, புழங்கும் பொருள். வாழ்க்கை மாறினால் புழங்கும் பொருளும் மாறித்தான் ஆக வேண்டும்.

இனி கியோட்டோவுக்குப் போவோம். அங்கே நிஷிஜின் என்ற பகுதி பட்டு நெசவுக்குப் பேர்போனது. பேருக்கு 'மேற்கு முகாம்' என்று பொருள். 15-ஆம் நூற்றாண்டில் நடந்த ஓனின் போரில் மேற்குப் படை முகாமிட்ட இடம் அது. நிஷிஜின் நெசவில் ஒரு வித்தை உண்டு. வாஷி காகிதத்தின்மேல் மெல்லிய தங்கத் தகட்டையோ வெள்ளித் தகட்டையோ ஒட்டி, அந்தக் காகிதத்தை மிக மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, அந்தக் கீற்றையே ஊடையாக, அதாவது குறுக்கு நூலாக, கொடுத்து நெய்வார்கள். நம் ஜரிகை நூலைச் சுற்றி முறுக்கியது. இது முறுக்காத தட்டைக் கீற்று. ஒவ்வொரு கீற்றும் புரளாமல், முகம் மேலே பார்த்தபடி படுக்க வேண்டும். ஒன்று புரண்டாலும் அந்த இடத்தில் மினுமினுப்பு போய்விடும்.

இந்தத் துணி பெரும்பாலும் கிமோனோவின் இடுப்புப் பட்டையான ஓபிக்காக நெய்யப்பட்டது. ஓபியின் அகலம் சுமார் 32 சென்டிமீட்டர். அதனால் தறியும் அந்த அகலம்தான். கிமோனோ உடுத்துவது குறைந்தபோது ஓபி விற்பனையும் விழுந்தது. துணி எவ்வளவு அழகாக இருந்தாலும், 32 சென்டிமீட்டர் அகலத்தை வைத்துக்கொண்டு ஒரு சோபாவைக்கூட ஒட்டில்லாமல் மூட முடியாது.

1688-இல் தொடங்கிய ஹோசோ என்ற நெசவு நிறுவனம் இந்த முட்டுச்சந்தில்தான் நின்றது. அவர்களுடைய துணியை வெளிநாட்டுக் கண்காட்சியில் பார்த்த பீட்டர் மரினோ என்ற கட்டிடக் கலைஞர், டியோர் என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனக் கடைகளின் உள்ளலங்காரத்துக்கு அதைக் கேட்டார். அவர் கேட்டது பூவும் கொக்கும் போட்ட ஜப்பானிய வடிவங்கள் இல்லை. அந்த மினுமினுப்பும் மேடுபள்ளமும் மட்டும் போதும், வடிவம் வேறு. ஆனால் சுவரையும் இருக்கையையும் மூட அகலம் வேண்டுமே? தட்டைக் கீற்றைப் புரளாமல் 150 சென்டிமீட்டர் அகலத்துக்கு நெய்யக்கூடிய தறி எங்கும் இருக்கவில்லை. அதை அவர்களே உருவாக்கினார்கள். 2010-இல் அது ஓடத் தொடங்கியது.

கேள்விக்குத் திரும்புவோம். பொருள் மாறவில்லை: அதே பட்டு, அதே தங்கக் காகிதக் கீற்று. நெசவின் தருக்கம் மாறவில்லை. மாறியது கருவியின் அகலம். அந்த ஒரு எண் மாறியதும் துணி இடுப்பிலிருந்து சுவருக்குப் போய்விட்டது. வடிவமைப்பு படிக்க வருகிறவர்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஒரு தொழில் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை அதன் அளவுகளில் தேடுங்கள். அகலம், நீளம், எடை, காயும் நேரம். பல சமயம் அழகில் குறையே இருக்காது, அளவில்தான் இருக்கும்.

தறியை மாற்றியது மரபுக்குச் செய்த துரோகம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 1872-இல் கியோட்டோவிலிருந்து பிரான்சின் லியோன் நகரத்துக்கு ஆள் அனுப்பி, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூல்களைத் தூக்கும் ஜக்கார்டு தறியைக் கற்றுக்கொண்டுவந்ததும் இதே நிஷிஜின்தான். அதற்கு முன் தறியின் உச்சியில் ஒருவர் உட்கார்ந்து, கீழே நெய்பவருக்கு ஏற்றபடி பாவு நூல்களை இழுத்து இழுத்து விடுவார். இன்று 'மரபான நிஷிஜின்' என்று நாம் சொல்லும் துணியில் பெரும்பகுதி அந்த பிரெஞ்சு இயந்திரம் வந்த பிறகு நெய்ததுதான்.

அடுத்தது ஷிபோரி. துணியை முடிந்தும் மடித்தும் நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பது. கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. மதுரைச் சுங்குடி தெரிந்தவர்களுக்கு அடிப்படை உடனே பிடிபடும். இன்று நகோயா நகரத்துக்குள் அடங்கிவிட்ட அரிமத்சு என்ற ஊர், 1608-இல் உருவானதிலிருந்தே இதைச் செய்து வருகிறது. எடோ (இன்றைய டோக்கியோ), கியோட்டோ நகரங்களை இணைத்த தொக்காய்தோ நெடுஞ்சாலையில் ஊர் இருந்ததால், வழிப்போக்கர்களுக்குச் சாயமிட்ட துண்டுகளை விற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டு முறைகள் அங்கே வளர்ந்தன.

ஷிபோரியில் கடைசி வேலை, சாயம் காய்ந்ததும் நூலைப் பிரித்துத் துணியை நீவித் தட்டையாக்குவது. பிரித்த உடனே பார்த்தால் துணி முழுக்க முள்முள்ளாகக் கூம்புகள் நிற்கும். நீவியதும் அவை போய்விடும், நிறம் மட்டும் தங்கும். அந்தக் கூம்புகளை ஏன் போகவிட வேண்டும்? பருத்தியிலும் பட்டிலும் அவை நிலைக்காது. ஆனால் பாலியெஸ்டர் சூட்டில் இளகி, ஆறும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். அதனால் பாலியெஸ்டர் துணியைப் பழைய முறையில் கட்டி, சூடேற்றி, ஆறவிட்டுப் பிரித்தால் கூம்பு கூம்பாகவே நிற்கிறது. துவைத்தாலும் போவதில்லை. அப்படி உருவான துணியில் இன்று விளக்குக் கூடுகளும் கழுத்துத் துணிகளும் செய்கிறார்கள். சாயமே போடாத வெள்ளை ஷிபோரியும் உண்டு.

இங்கே நடந்தது அகாரிக்கு நேர் எதிர். பொருள் மாறிவிட்டது, அதுவும் செயற்கை இழைக்கு. கை மட்டும் மாறவில்லை. சிலருக்கு இது நெருடும். எனக்கு நெருடவில்லை, அரிமத்சுவின் சொத்து பருத்தி இல்லை, கட்டத் தெரிந்த விரல்கள்.

மரவேலைக்கு வந்தால், பட்டறையில் இல்லாமல் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளில் தொடங்கிய ஒரு கதை இருக்கிறது. ஹிடா தக்காயாமா என்ற மலையூரில் சிடோரி என்றொரு பொம்மை உண்டு. வெட்டுக்காடி போட்ட சின்னச் சின்ன மரக்குச்சிகள். மூன்று குச்சிகளை ஒரு புள்ளியில் சேர்த்துக் கடைசிக் குச்சியை ஒரு திருகு திருகினால் மூன்றும் பூட்டிக்கொள்ளும். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். கட்டிடக் கலைஞர் கெங்கோ குமா 2007-இல் மிலான் நகரத்தில் இந்தப் பூட்டை வைத்து ஒரு சிறு மண்டபம் கட்டிக் காட்டினார். 2010-இல் ஐச்சி மாவட்டத்தின் கசுகாயில், பல் மருத்துவப் பொருட்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்காக அதையே முழுக் கட்டிடமாக்கினார். 60 மில்லிமீட்டர் சதுரக் கம்புகள், அரை மீட்டர் கட்டங்களாக மேலே மேலே ஏறிப் போகின்றன. அந்தக் கட்டங்களே உள்ளே பொருட்களை அடுக்கும் அலமாரியும் ஆகின்றன.

பொம்மையைப் பெரிதாக்கினால் கட்டிடம் ஆகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. குச்சியில் காடி வெட்டினால் அந்த இடத்தில் மரம் பாதியாகிவிடுகிறது. பொம்மைக்கு அது பிரச்சினை இல்லை. தலைக்கு மேல் கூரை நிற்கும்போது அதுதான் முதல் பிரச்சினை. அதனால் பொறியாளர்கள் கம்புகளை அழுத்தியும் வளைத்தும் சோதித்த பிறகுதான் கட்டினார்கள். மாற்றியது அளவை மட்டும் என்றாலும், அளவு மாறினால் கணக்கு முழுவதும் புதிது.

இந்த இடத்தில் புதுச்சேரி வருகிறது. அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோந்த் விடுதியைப் பார்த்தவர்களுக்கு அதன் வெளிச்சுவரில் திறந்துமூடும் சட்டப்பலகைகளும் வழுக்கித் திறக்கும் தேக்குக் கதவுகளும் நினைவிருக்கும். டோக்கியோவில் இயங்கிய ஆண்டனின் ரேமண்ட் என்ற கட்டிடக் கலைஞரின் அலுவலகம் வடிவமைத்தது. 1930-களின் இறுதியில் அதைக் கட்ட வந்து ஆசிரமத்திலேயே தங்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். ஆசிரமத்தில் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர் கிடைத்தது.

பிறகு அமெரிக்கா திரும்பினார். 1942-இல், போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த மினிடோகா முகாமில் குடும்பத்தோடு அடைபட்டார். அந்த முகாமில் ஜப்பானிய மரபில் பயின்ற கெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் வேலை கற்றார். வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் வெட்டிய ஒரு மரத்துண்டைப் பிளவின் குறுக்கே பதித்து, பிளவு மேலும் விரியாமல் பிடித்து நிறுத்துவது பழைய தச்சு முறை. வெடிப்புள்ள பலகையைத் தச்சர்கள் பொதுவாக ஒதுக்குவார்கள், அல்லது வெடிப்பை வெட்டி எறிவார்கள். நகாஷிமா அந்த வெடிப்பை மேசையின் நடுவிலேயே வைத்து, வண்ணத்துப்பூச்சித் துண்டை எல்லோர் கண்ணிலும் படும்படி பதித்தார். அந்தத் துண்டு எங்கே உட்கார வேண்டும் என்பதை அவர் மாற்றினார். இன்று வெடிப்போடும் பட்டை விளிம்போடும் விற்கும் ஒரே பலகை மேசைகளுக்குப் பின்னால் அவருடைய செல்வாக்கு நிறைய இருக்கிறது.

எதை மாற்றக் கூடாது என்பதற்கும் ஒரு உதாரணம் வேண்டும். உருஷி என்பது ஒரு மரத்தின் பால். மாமரமும் முந்திரியும் இருக்கும் அதே தாவரக் குடும்பம். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தில் கீறிக் கீறி எடுத்தால் ஒரு மரத்துக்கு 200 மில்லிலிட்டர் அளவில்தான் கிடைக்கும். அப்புறம் அந்த மரத்தை வெட்டிவிடுவார்கள். பச்சைப் பால் பட்டால் தோல் அரிக்கும். இதைக் கிண்ணங்களிலும் தட்டுகளிலும் பூசுகிறார்கள். இது சாதாரணப் பெயிண்ட் மாதிரி நீர் வற்றிக் காய்வதில்லை. பாலுக்குள் இருக்கும் ஒரு நொதி காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு அதை இறுகவைக்கிறது. அந்த நொதி வேலை செய்ய ஈரக்காற்று வேண்டும். நம் வீட்டில் மழைக்காலத்தில் துணி காயாது. உருஷி அந்த ஈரத்தில்தான் காயும். அதற்காகவே ஈரப்பதமான மரப்பெட்டிக்குள் வைப்பார்கள்.

கின்ட்சுகி என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் வேலை இந்த உருஷியால் நடப்பது. உடைந்த பீங்கானை உருஷியும் கோதுமை மாவும் சேர்த்த பசையால் ஒட்டி, ஈரப்பெட்டியில் இறுகவிட்டு, இடைவெளி நிரப்பித் தேய்த்து, கடைசியாக மெல்லிய உருஷிக் கோடு போட்டு அதன்மேல் தங்கப்பொடி தூவுவார்கள். வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதக்கணக்கில். இன்று கடைகளில், உடையவே உடையாத புதுத் தட்டில் தங்கநிறக் கோடு அச்சடித்து 'கின்ட்சுகி டிசைன்' என்று விற்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கின்ட்சுகி ஒரு பழுதுபார்க்கும் முறை. பழுதையே எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? பொருள், கை, பயன் மூன்றையும் கழித்துவிட்டுக் கோட்டை மட்டும் வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு எபாக்சி என்ற செயற்கைப் பசையும் தங்கநிறப் பொடியும் வைத்து ஒட்டுபவர்கள்கூட ஒரு படி மேல். அவர்கள் கையில் உண்மையாகவே உடைந்த ஒரு கோப்பை இருக்கிறது.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியோட்டோவில் கைகாடோ என்ற பட்டறை 1875 முதல் தேயிலை டப்பா செய்கிறது. மூடியை வாயில் வைத்துவிட்டால் போதும், தன் எடையிலேயே மெல்ல இறங்கி மூடிக்கொள்ளும். இரண்டு உலோகச் சுவர்களின் பொருத்தம் அவ்வளவு நெருக்கம். பானசோனிக் நிறுவனம் இந்த டப்பாவுக்குள் ஒரு ஒலிபெருக்கியை வைத்து 2019-இல் வெளியிட்டது. மூடியைத் தூக்கினால் பாட்டு தொடங்கும், மூடினால் நின்றுவிடும். உள்ளே இருந்த தேயிலை மட்டும்தான் மாறியது. அந்த மூடி இறங்கும் நிதானத்தை வைத்தே அதை இயக்கவைத்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

நீங்களே இதில் ஏதாவது செய்து பார்க்க நினைத்தால், வரைபடத்தில் தொடங்காதீர்கள். செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை எங்கே தயங்குகிறது, எங்கே கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது என்று பாருங்கள். அரிமத்சுவில் பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு கட்டு முறை. அம்மாவிடமிருந்து மகள் கற்றது, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. கற்க ஆள் இல்லாமல் அந்த வீட்டுப் பாட்டி போய்விட்டால் அந்தக் கட்டும் அவரோடு போய்விடுகிறது. துணி மிச்சம் இருக்கும், அதை வைத்துக்கொண்டு எப்படிக் கட்டினார் என்று ஊகிக்கத்தான் முடியும்.

நொகுச்சி கிஃபுவுக்கு ஒருமுறை போய் வரைந்து கொடுத்துவிட்டு வந்துவிடவில்லை. திரும்பத் திரும்பப் போனார். 1988-இல் இறக்கும்வரை புதுப்புது அகாரி வடிவங்களைச் செய்துகொண்டே இருந்தார். 1986-இல் வெனிஸ் கலைவிழாவில் அமெரிக்காவின் சார்பில் காட்சி வைக்க அழைத்தபோது தன் கற்சிற்பங்களோடு இந்தக் காகித விளக்குகளையும் வைத்தார். விளக்குகளைச் செய்தது 1891-இல் தொடங்கிய ஒசெக்கி என்ற கிஃபு பட்டறை. இன்றும் அங்கேதான் செய்கிறார்கள்: பலகைகளைப் பூட்டி நிறுத்தி, காடியில் மூங்கிலைச் சுற்றி, வாஷியை ஒட்டி, காய்ந்ததும் பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளிருந்து உருவி எடுக்கிறார்கள்.